மடையில் கூப்பிடும் பெயர்

என் பெயருக்குப் பின்னால் ஒரு பட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை இங்கே எழுதப் போவதில்லை. தஞ்சைப் பக்கம் பட்டப்பெயர்களுக்குப் பஞ்சமே கிடையாது, தெருவுக்கு நாலு இருக்கும். ஆனால் இது அபூர்வமான பட்டம். அதை வைத்திருந்த குடும்பங்களைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். எழுதினால், "நீங்க எந்த ஊரு, நாம பங்காளியாச்சே" என்று யாராவது வீடு தேடி வந்துவிடுவார்கள். வந்திருக்கிறார்கள். நான் யார் மகள் என்று சொன்னதும், கொடுத்த காபியைப் பாதியில் வைத்துவிட்டு அவர்கள் எழுந்த விதத்தையும் பார்த்திருக்கிறேன். இந்த வயதில் இன்னொரு தடவை காபியை வீணாக்க எனக்குப் பொறுமை இல்லை.

போதாததற்கு அது ஆண்களுக்கான பட்டம். மீசை வைத்த பெயர் என்று விடுதித் தோழிகள் கேலி செய்வார்கள். எனக்கு வந்த அரசாங்கக் கடிதங்களில் பாதி 'திரு' என்றுதான் தொடங்கும்.

அது எங்களுடைய பட்டமே இல்லை. பெரிய வீட்டாருடையது. எங்கள் ஊர் நஞ்சையில் பாதி அவர்களுடையது. என் அப்பாவும் அம்மாவும் அங்கே பண்ணையாட்கள். பண்ணையாளுக்கு அந்தக் காலத்தில் பட்டமென்ன, முழுப் பெயரே கிடையாது. வெளியூர்க்காரர் யாராவது "நீ யாரு?" என்று கேட்டால், எந்த வீட்டு ஆள் என்பதைத்தான் சொல்லவேண்டும். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோதும் அப்பா அந்தப் பழக்கத்தில்தான் பதில் சொன்னார். தலைமையாசிரியர் மேற்கேயிருந்து மாற்றலாகி வந்தவர், எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர். "யாருய்யா நீங்க?" என்றார். அப்பா கைகட்டிக்கொண்டு பெரிய வீட்டுப் பட்டத்தைச் சொன்னார். அவர் அதை என் பெயரோடு சேர்த்து எழுதிவிட்டார்.

விஷயம் பெரிய வீட்டுக்கு எட்டியது. மிராசுதார் ஆளனுப்பி அதை அடிக்கச் சொல்லியிருக்கிறார். எழுதினது எழுதினதுதான் என்று தலைமையாசிரியர் மறுத்துவிட்டார். கழக ஆட்சி வந்த புதிது. வாத்தியார்களுக்கும் முதுகு கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. மிராசுதாருக்கோ கூலிச் சண்டையே தலைக்கு மேல் கிடந்தது. எங்கள் தெருவில் செங்கொடி ஏறியிருந்தது, அறுவடை நேரத்தில் ஆட்கள் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு சிறுமியின் பெயருக்காக மெனக்கெட அவருக்கு நேரமில்லை. அப்பாவை மட்டும் கூப்பிட்டு, "எம் பேர வெச்சுக்கிட்டு ஒம் மவ சாணி அள்ளப் போறாளாடா?" என்று கேட்டுச் சிரித்தாராம். பிற்பாடு நான் கால்நடை மருத்துவர் ஆனேன். அவர் வாக்கு அந்த அளவுக்குப் பலித்தது.

எழுத்துக் கூட்டிப் படிக்க வந்ததும் நான் முதலில் கண்டது, ஊரெல்லாம் என் பெயர் எழுதியிருப்பதைத்தான். பஸ் நிற்கும் இடத்துப் பலகையில் இருந்தது. குளத்துப் படிக்கல்லில் இருந்தது. வாய்க்கால் மடையின் கருங்கல்லில் இருந்தது. எங்கள் குடியிருப்புக்கே அந்தப் பெயர்தான். முதலில் பெருமையாக இருந்தது. ஒருநாள் ஆட்டைத் தேடித் தென்னந்தோப்புக்குள் போனவள், பாசி பிடித்த ஒரு மேடையைப் பார்த்தேன். கல்லில் ஒருவர் பெயர் வெட்டியிருந்தது. அது தேய்ந்து, படிக்க முடியாமல் போயிருந்தது. பின்னால் இருந்த பட்டம் மட்டும் நேற்று வெட்டியதுபோல அப்படியே இருந்தது. விளக்கு மாடத்தில் யாரோ அன்றைக்கும் எண்ணெய் ஊற்றியிருந்தார்கள். நான் ஆட்டை விட்டுவிட்டு ஓடிவந்தேன்.

அது பெரிய வீட்டு முன்னோர் ஒருவரின் சமாதி என்று அம்மா சொன்னாள். அன்று ராத்திரி எனக்கு வந்த காய்ச்சல் விடவில்லை. அம்மா வேப்பிலையால் வருடிக்கொண்டே, "பேருதானடி. ஒன்னயா பொதச்சிருக்கு?" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். அதைக் கேட்டபிறகு பயம் இரண்டு பங்காகிவிட்டது.

மடையைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். வாய்க்காலில் தண்ணீர் எங்கள் பக்கத்துக்கு முறை வைத்துத்தான் வரும். வந்த தண்ணீர் பெரிய வீட்டுக்குப் பின்னால் இரண்டாகப் பிரியும். ஒன்று அவர்கள் குளத்துக்கு, இன்னொன்று வயல்களுக்கு. வீட்டுப் பக்கத்தில் குளத்து வாயை அடைத்த பிறகுதான் வயல் மடையின் பலகையைத் தூக்கவேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் உருப்படியாகப் பாயாது. ஆகவே தண்ணீர் கட்டுகிறவர் மடையில் நின்று வீட்டைப் பார்த்து, பட்டத்தைச் சொல்லி, "மடை தொறக்கலாங்களா...!" என்று உரக்கக் கூப்பிடுவார். வீட்டிலிருந்து பதில் வரும்: "தொற!" அந்த ஒரு சொல்தான். அதையும் அந்தப் பட்டம் உடையவர்தான் சொல்லவேண்டும், வேலைக்காரர் சொன்னால் செல்லாது. பதில் காதில் விழாமல் பலகையில் கை வைக்கக்கூடாது.

என் அப்பா கை வைத்தார். நான் பிறப்பதற்கு முன்பு. அவர்தான் அந்த மடைக்குத் தண்ணீர் கட்டுகிறவர். அன்றைக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார், பதில் வரவில்லை. நாற்று காய்ந்துகொண்டிருந்தது. முறைத் தண்ணீர் போய்விட்டால் போனதுதான். பலகையைத் தூக்கிவிட்டார். வீட்டு முற்றத்துத் தென்னையில் கட்டிவைத்துச் சாட்டையால் அடித்தார்கள். பிறகு சாணியைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றினார்கள். அதைக் குடித்துத் தீர்க்கும்வரை கட்டை அவிழ்க்கவில்லை.

அப்பா இதை எங்களிடம் சொன்னதில்லை. அம்மாதான் சொன்னாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் வாய் கொப்பளிக்கும் சத்தம்தான். விடிந்ததும் வாய்க்காலில் இறங்கி நெடுநேரம் கொப்பளிப்பார், துப்புவார், மறுபடி கொப்பளிப்பார். எங்கள் தெருவே அந்தச் சத்தத்தில்தான் விழிக்கும். சோறோ தண்ணீரோ டீயோ, முதல் வாயில் அந்த ருசிதான் வருகிறது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

நான் நடுநிலைப் பள்ளியில் படிக்கும்போது மிராசுதார் செத்துப்போனார். நெஞ்சு நோய். எங்கள் தெரு ஆட்கள் அழுதார்கள், அழுவதற்கும் ஆள் விட்டிருந்தார்கள். பிள்ளைகள் இருவரும் வந்து காரியத்தை முடித்துவிட்டு அவரவர் பட்டணத்துக்குப் போனார்கள். அடுத்த முறைத் தண்ணீர் வந்தது. விளக்கு வைக்கிற நேரம். அப்பா மடையில் நின்றார். கரையில் ஏழெட்டு பேர் நின்றார்கள், நானும் நின்றேன். இனி யாரைக் கூப்பிடுவது என்று எல்லோருக்கும் சந்தேகம். "கூப்புட்டுப் பழகின வாய், கூப்புட்டுடு" என்று யாரோ சொன்னார்கள். அப்பா கூப்பிட்டார்.

"தொற!"

அதே குரல். சளி கட்டிய, கனத்த, செத்துப்போன மிராசுதாரின் அதே குரல். கரையில் நின்றவர்கள் ஓடிவிட்டார்கள். நான் ஓடவில்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் எனக்குக் கால் வரவில்லை என்பதுதான் உண்மை. அப்பா மட்டும் பலகையைத் தூக்கினார்.

குரல் கொடுத்தது மிராசுதாரின் மனைவி என்று கொஞ்ச நாளில் தெரிந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் பக்கத்திலிருந்து கேட்ட குரல், அவருக்கு அப்படியே வந்துவிட்டது. குளத்துப் பக்கம் ஒரு ஜன்னல் உண்டு, அதன் அருகே மிராசுதாரின் நாற்காலி கிடக்கும். அதில் உட்கார்ந்து பதில் சொல்கிறார் என்று, அந்த வீட்டில் மாடு கறக்கும் பால்காரர் பார்த்துவிட்டு வந்து சொன்னார். தெரிந்தபிறகு பயம் போயிருக்கவேண்டும். எனக்குப் போகவில்லை.

பிறகு காலம் மாறியது. நில உச்சவரம்பில் மிஞ்சியதென்று கொஞ்சம் நிலம் எங்கள் தெருவுக்கு வந்தது. வழக்கு, வாய்தா, வேலி பிடுங்கல், இரண்டு மண்டை உடைப்பு எல்லாம் ஆகித்தான் வந்தது. அப்பாவுக்குக் கிடைத்த மூன்று மா நிலமும், ஒரு ஏக்கர் இருக்கும், அதே மடைக்குக் கீழே. குளம் தூர்ந்துபோயிற்று. அடைப்பதற்கு வாயும் இல்லை, அடைக்க ஆளும் இல்லை. ஆனாலும் முறைத் தண்ணீர் வந்தால் அப்பா மடையில் நின்று அந்தப் பட்டத்தைச் சொல்லிக் கூப்பிடுவார். "தொற!" என்று பதில் வந்தபிறகுதான் திறப்பார்.

எனக்கு ஆத்திரமாக வரும். கல்லூரி விடுமுறைக்கு வரும்போதெல்லாம் இதே சண்டைதான்.

"நெலம் நம்மது. பட்டா ஒங்க பேர்ல இருக்கு. இன்னும் யாருப்பா ஒங்களுக்கு உத்தரவு குடுக்கணும்?"

"இருக்கட்டும் புள்ள" என்பார். அவ்வளவுதான் வாயிலிருந்து வரும்.

தெருப்பெயர்களில் பட்டங்கள் இருக்கக்கூடாது என்று அரசாங்கம் சொன்ன வருஷம், எங்கள் பஸ் நிறுத்தப் பலகையிலும் மதகுச் சுவரிலும் சுண்ணாம்பு அடித்தார்கள். நான் கைதட்டாத குறை. ஐப்பசி மழை வந்தது. நனைந்த சுண்ணாம்புக்கு அடியிலிருந்து தார் எழுத்து கறுப்பாக மேலே வந்தது. வெயில் அடித்தால் மறையும், மழை பெய்தால் எழுந்துவரும். மறுபடி அடித்தார்கள். மறுபடி வந்தது. பிறகு விட்டுவிட்டார்கள்.

சென்னையில் படிப்பை முடித்து வேலைக்கு வந்த பிறகு, அந்தப் பெயர் என்னைத் துரத்துகிறது என்றே நம்பினேன். கோடியக்கரையில் ஒரு முகாமுக்குப் போயிருந்தேன். உப்பளத்து ஓரத்தில் மாடுகள் ஒதுங்கும் பழைய சத்திரம் ஒன்று, கூரையில்லாமல் நின்றது. தடுப்பூசி போட மாட்டைப் பிடித்துக் கட்டிய கல்லில், உப்புப் பூத்து, என் பட்டம். யாரோ ஒரு மூதாதை யாத்திரைக்காரர்களுக்காகக் கட்டியதாம். ஒரத்தநாட்டுக்குப் போகிற வழியில் ஒரு அரிசி ஆலையில் அதே பட்டம். ஒரு நீதிபதிக்கு அந்தப் பட்டம் இருந்தது, ஒரு பஸ் முதலாளிக்கு இருந்தது, பழைய பயில்வான் ஒருவர் தொடை தட்டி நிற்கும் புகைப்படத்துக்குக் கீழே இருந்தது. பெயரைக் கேட்டவர்கள் இவர்களில் ஒருவரைச் சொல்லி, "அவங்க ஒங்களுக்கு என்ன வேணும்?" என்பார்கள். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் துடிக்கும்.

அதிராம்பட்டினத்தில் ஒரு பாய் கடை வைத்திருந்தார், கயிறு, வாளி, மாட்டுத் தீவனம் எல்லாம் விற்பார். கடை வாசலின் நிலைக்கு மேலே சுதையில் அந்தப் பட்டம். கட்டடத்தை அவருடைய வாப்பா விலைக்கு வாங்கியிருக்கிறார். பெயரை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன்.

"ரெண்டு தடவ கொத்திப் பாத்தாச்சு டாக்டரம்மா. பூசின பூச்சு அந்த எடத்துல மட்டும் நிக்க மாட்டேங்குது. கெடந்துட்டுப் போவுது. பேரு அவங்களுது, கட்டடம் நம்மளது" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கடையை அடைக்கும்போது அவர் அந்த எழுத்தை நிமிர்ந்து பார்ப்பதே இல்லை என்பதை நான் கவனித்தேன்.

இவை எல்லாவற்றையும்விட மோசம் ஒரு பஸ் பயணம். பக்கத்தில் உட்கார்ந்த நகை போட்ட அம்மாள் என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டார். "நம்ம பொண்ணா! பாத்ததுமே நெனச்சேன். மூக்கு அப்படியே நம்ம ஆளுங்க மூக்கு" என்று என் மூக்கைத் தொட்டார். நான் அம்மாவிடம் வந்து சொன்னேன். அம்மாவுக்கு வந்த கோபத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "ஒனக்கு எங்கப்பன் மூக்கு. நாத்தங்காலுல மூச்சு வுட்ட மூக்கு. அவளுங்க மூக்கா?" என்று கரண்டியை வீசினாள். அம்மா திட்டியது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனாலும் சில நாள் கண்ணாடி பார்க்கப் பிடிக்கவில்லை.

சட்டப்படி பெயரை மாற்றிவிடுவது என்று தீர்மானித்தேன். அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊருக்கும் சேர்த்து இருந்த கால்நடை மருந்தகத்துக்கே எனக்கு மாற்றல் வந்தது. வந்த மாதமே பால்காரர் வந்து நின்றார். பெரிய வீட்டில் மிஞ்சியிருந்த ஒரே பசு நிறைசினை, அதற்கு மடி வீங்கியிருக்கிறதாம்.

எங்கள் தெருவில் யாரும் முன்வாசல் வழியாக அந்த வீட்டுக்குள் போனதில்லை. நான் போனேன், பெட்டியோடு. முற்றத்துத் தென்னை இன்னும் நின்றது. அதைப் பார்க்காமல் கடந்தேன். பசுவுக்கு ஊசி போட்டுவிட்டுக் கை கழுவும்போது, ஜன்னலோரம் இருந்த நாற்காலியிலிருந்து மிராசுதாரின் மனைவி கேட்டார்.

"ஒம் பேரு என்ன?"

வேண்டுமென்றே, பட்டத்தோடு முழுசாகச் சொன்னேன். சண்டைக்குத் தயாராகத்தான் நின்றேன். அவருக்குக் கோபமே வரவில்லை.

"நான் கல்யாணத்தால இந்தப் பேருக்குள்ள வந்தவ. நீ பள்ளிக்கூடத்தால வந்தவ. ரெண்டு பேருமே வந்தவங்கதான்" என்றார். "இந்த ஊருல இந்தப் பேருக்கு இப்ப நாம ரெண்டு பேருதான்."

பெட்டியை மூடினேன்.

"எனக்கு நாள் ஆயிடுச்சு. நான் போயிட்டா மடையில கூப்புடுறதுக்கு யாரு பதில் சொல்றது? நீதான் சொல்லணும்."

"எதுக்குங்க? இப்ப கொளமும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"பதில் இல்லாட்டி எங்க வீட்டுக்காரரு தூங்க மாட்டாரு" என்றார், ஏதோ பசுவுக்குப் புண்ணாக்கு போதவில்லை என்பதுபோல. "ஒரு நாள் அசந்துட்டேன். கூப்புட்டது காதுல வுழல. கண்ணு முழிச்சுப் பாக்குறேன், இந்த நாற்காலிக்குப் பின்னால வந்து நின்னுட்டிருக்காரு. அதுலேர்ந்து முறைத் தண்ணி வர்ற அன்னிக்கு நான் படுக்கறதே இல்ல. எங்க, ஒரு தடவ சொல்லிக் காட்டு. சத்தம் வயித்துலேர்ந்து வரணும். இப்படி..."

உதடு அசைந்ததாகவே தெரியவில்லை. "தொற!" என்றது அந்தக் கனத்த குரல், என்னிடமிருந்து ஒரு கை தூரத்தில். பசு கயிற்றை இழுத்துக்கொண்டு பின்வாங்கியது. நான் மருந்துக்கு எழுதிக் கொடுக்கக்கூட நிற்காமல் வெளியே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, என் வாழ்நாளில் முதல் தடவையாக, அந்த நாளைப் பற்றி என்னிடம் பேசினார்.

"அன்னிக்குப் பதில் வரல, நான் தொறந்தேன். அதுக்குத்தான் அடிச்சாங்க. அடி போவட்டும். ஆனா அதுக்கப்புறம் பதில் வாங்காம நான் அந்தப் பலகையத் தொட்டதே இல்ல. அவரு சொன்னாரு, தொறந்தேன். செத்தாரு, இந்தம்மா சொல்லுது, தொறக்கறேன். பதில் சொல்ல ஆளே இல்லாத ஒரு நாள் வரும்ல? அன்னிக்குத் தொறக்கணும் புள்ள. அதுக்குத்தான் நான் கூப்புட்டுக்கிட்டே இருக்கேன்."

"கூப்புடாமலே தொறக்கலாமேப்பா. யாரு தடுக்கப் போறா?"

"அது திருட்டுத்தனமா தொறக்கறது. கூப்புடணும். பதில் வரக்கூடாது. தொறக்கணும். அதான் தொறக்கறது."

இத்தனை வருஷமாக அவரை அடிமைப் புத்தி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் தொடர்ந்தார்.

"பேர மாத்துறதுன்னா மாத்திக்க. எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா அவங்களுக்கு அது சும்மா வந்த பேரு, நமக்கு அடி வாங்கி வந்தது. அத நெனச்சுக்க. எது எப்படியோ, நீ மட்டும் பதில் சொல்லிடாத."

"நான் ஏம்ப்பா சொல்லப் போறேன்?" என்றேன், சிரித்துக்கொண்டு.

அடுத்த முறைத் தண்ணீருக்கு முதல்நாளே வாய்க்கால் சலசலக்க ஆரம்பித்திருந்தது. மறுநாள் சாயங்காலம் பால்காரர் ஓடிவந்தார். பெரிய வீட்டுப் பசு கன்று போடமுடியாமல் கிடக்கிறதாம். போனேன். கன்றின் முன்னங்கால் மடங்கி மாட்டியிருந்தது. கையை விட்டு நேராக்கி, பால்காரரோடு சேர்ந்து இழுத்து வெளியே கொண்டுவந்தபோது வெளிச்சம் மங்கிவிட்டது. கிடேரிக் கன்று. உயிரோடு இருந்தது. பால்காரரை வெந்நீர் கொண்டுவர அவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சொல்லலாமென்று உள்ளே போனேன்.

விளக்கு ஏற்றவில்லை. அவர் நாற்காலியில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "கெடேரிங்க" என்றேன். அசையவில்லை. பக்கத்தில் போய் மணிக்கட்டைப் பிடித்தேன். உடம்பில் சூடு மிச்சமிருந்தது, நாடி இல்லை. கண் திறந்திருந்தது. வாயும் கொஞ்சம் திறந்திருந்தது, ஒரு சொல்லை எடுத்துவைத்துவிட்டுச் சொல்ல முடியாமல் போனமாதிரி.

அப்போது அப்பா கூப்பிட்டார்.

மடைக்கும் அந்த ஜன்னலுக்கும் அதிக தூரமில்லை. ஆனால் அந்தக் குரலை நான் எப்போதும் கரையிலிருந்துதான் கேட்டிருக்கிறேன். வீட்டுக்குள்ளிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. பட்டம், நீட்டி, தெளிவாக, நேரே ஜன்னல் வழியாக வந்தது. என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று தோன்றியது. தோன்றுவதென்ன, என்னைத்தானே கூப்பிட்டார்? அந்த ஊரில் அந்தப் பெயருக்கு உயிரோடு இருந்தது நான் ஒருத்திதான்.

வீடு அமைதியாகிவிட்டது. அதுவரை கன்றை நக்கிக்கொண்டிருந்த பசு நக்குவதை நிறுத்தியது. பல்லி சத்தம்கூட இல்லை. நாற்காலிக்குப் பின்னால் நான் நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் யாரோ நிற்பதாகத் தெரிந்தது. திரும்பவில்லை. சளி கட்டிய மூச்சு ஒன்று என் பிடரியில் பட்டது. அது என் மூச்சுத்தான், பயத்தில் அப்படித் தோன்றியது என்று பகலில் எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அப்பா மறுபடி கூப்பிட்டார். "...மடை தொறக்கலாங்களா...!" இந்த முறை குரல் நடுவில் உடைந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது.

என் வயிற்றிலிருந்து ஏதோ கிளம்பியது. நான் நினைத்துச் செய்ததல்ல. தொண்டை தானாகக் கனத்தது, நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டியது. சொல்லிவிட்டால் எல்லாம் அமைதியாகிவிடும், எனக்குப் பின்னால் நிற்பது திரும்பிப் போய்விடும் என்று இருந்தது. முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டேன். பசுவின் பனிக்குட நீரும் ரத்தமும் சாணமும் பட்ட முந்தானை. அந்த ருசி வாயெல்லாம் பரவியது. குமட்டியது. அப்பாவுக்கு ஊற்றியது நினைவுக்கு வந்தது, இன்னும் அழுத்திக் கடித்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பலகை கல்லில் உரசும் சத்தம் கேட்டது. முதலில் கொஞ்சம், பிறகு ஒரே இழுப்பாக. அதன்பின் தண்ணீர் விழும் சத்தம். பசு மறுபடி கன்றை நக்கத் தொடங்கியது.

மடைக்கு ஓடினேன். அப்பா முழங்கால் தண்ணீரில், தூக்கிய பலகையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார்.

"போயிட்டாங்கப்பா."

"ம்."

"நான் உள்ளதான் இருந்தேன்."

"தெரியும். பால்காரரு சொன்னாரு." பலகையை விடாமலே, "ஒன்னயும் சேத்துத்தான் கூப்புட்டேன்" என்றார். "சொல்லிடுவியோன்னு பயந்துட்டேன்."

பலகையைக் கரையில் சாய்த்தார். குனிந்து, ஓடுகிற தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி வாயில் ஊற்றிக் கொப்பளித்தார். நெடுநேரம் கொப்பளித்தார். துப்பப்போகிறார் என்று நான் விலகி நின்றேன். அவர் துப்பவில்லை, விழுங்கினார். இன்னொரு கை அள்ளிக் குடித்தார். பிறகு ஒரு கை அள்ளி என்னிடம் நீட்டினார். என் வாயிலும் அந்த ருசி இருந்தது அவருக்கு எப்படித் தெரிந்ததோ, அவர் கையிலிருந்தே குடித்தேன்.

"தண்ணி நல்லாத்தான் இருக்கு புள்ள" என்றார் அப்பா.